எட்டு மாதத்தில் வாய் பிளக்கும் ஷூ: பதினோராயிரம் கொடுத்தால் தீருமா?

கேள்வி: திருச்சியில் மருந்து நிறுவனப் பிரதிநிதியாக இருக்கிறேன். மாதம் 25 நாள் கறுப்பு ஃபார்மல் ஷூ போட்டே ஆக வேண்டும். கியர் பைக்கில்தான் சுற்றல். 2,500 ரூபாய்க்கு வாங்கும் ஷூ எட்டு மாதத்தில் முன்பக்கம் வாய் பிளந்துவிடுகிறது. இதற்கு நடுவே, என் கல்யாணத்துக்கு வாங்கி நான்கைந்து முறையே போட்ட ஒரு ஷூவை ஆறு வருடம் கழித்துப் பரணிலிருந்து எடுத்தேன். மண்டப வாசலிலேயே அதன் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்தது. அப்பா ஒரே ஷூவைப் பதினைந்து வருடம் போட்டார். இப்போது நண்பர் ஒருவர் வெல்ட் தையல் போட்ட தோல் ஷூவை 11,000 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்:

முதலில் அந்தக் கல்யாண ஷூ. நீங்கள் செய்த தப்பு அதைப் பத்திரமாக வைத்ததுதான்.

அதன் அடிப்பாகம் பாலியூரித்தேன். தொழிலில் பி.யு. என்போம். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் இட்லி மாவு போலப் பொங்கி, நுரையாகவே இறுகிவிடும். ரப்பரைவிட எவ்வளவோ லேசு, காலுக்கு மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயவும் தேயாது. அதனால்தான் எல்லோரும் அதைப் போடுகிறார்கள். ஷூவுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலியெஸ்டர் வகை பி.யு. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே இருக்கும். பள்ளியில் படித்த நீராற்பகுப்புதான் இது. சூடும் ஈரப்பதமும் கூடினால் வேகமும் கூடும். போட்டாலும் போடாவிட்டாலும், அச்சிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. வெயிலில் வேகும் பரணில், பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு வருடம் என்றால் உதிராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பெட்டியில் கிடந்த சிறிய சிலிக்கா பொட்டலம் கொஞ்ச நாளிலேயே ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும்.

பாதுகாப்பு ஷூக்களுக்கான ஐரோப்பியத் தர விதிகளில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. பி.யு. அடிப்பாகத்தை, அதாவது சோலை, சூடான ஈரக் காற்றில் பல நாள் வைத்து மூப்படையச் செய்து, அதில் ஒரு சிறு வெட்டுப் போட்டு 1,50,000 தடவை மடக்குவார்கள். வெட்டு 6 மில்லிமீட்டருக்கு மேல் வளரக் கூடாது. கடைத்தெருவில் விற்கும் கல்யாண ஷூவை யாரும் இப்படிப் பாடாய்ப் படுத்திப் பார்ப்பதில்லை.

நானே ஏமாந்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆம்பூரில் சோல் ஒட்டும் பகுதியிலும் தரச் சோதனையிலும் வேலை பார்த்தவன், ஏற்றுமதியில் மிஞ்சியது என்று பாதி விலைக்குக் கிடைத்த மலையேற்ற பூட்ஸை ஆசைப்பட்டு வாங்கினேன். ஏலகிரி ஏறும்போது பாதி வழியில் வலது சோல் கழன்று விழுந்தது. பிறகுதான் பெட்டியைப் பார்த்தேன், செய்த தேதி ஆறு வருடம் பழையது. நம் நாட்டில் பெட்டியின் மேல் விலையோடு தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். தள்ளுபடிக் கடையில் பி.யு. சோல் ஷூ வாங்கினால் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அப்பாவின் ஷூ பதினைந்து வருடம் உழைத்ததற்கு அந்தக் காலத்துத் தோல் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதன் அடிப்பாகம் தோலாகவோ கெட்டி ரப்பராகவோ இருந்திருக்கும். உதிர்வதற்கு அதில் நுரையே கிடையாது. ஆணியும் நூலும் போட்டுப் பிடித்திருப்பார்கள், பசையை நம்பி இருந்திருக்காது. தேய்ந்தபோதெல்லாம் குதியடி மாற்றியிருப்பார். இன்னொன்றையும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்: மாதம் 25 நாள், நாள் முழுக்க, மழையிலும் அதைப் போட்டாரா? அந்த ஷூவை இன்று உங்களிடம் கொடுத்தால், கனம் தாங்காமல் ஒரே வாரத்தில் கழற்றிவிடுவீர்கள்.

சரி, உங்கள் ஷூவுக்கு வருவோம். 2,500 ரூபாய் ஷூவில் மேல்பாகத்தையும் சோலையும் சேர்த்துப் பிடித்திருப்பது பசை மட்டும்தான். ஓரத்தில் தெரியும் தையல் பல சமயம் அச்சிலேயே வார்த்த அலங்காரம். நகத்தால் நெருடிப் பாருங்கள், நூல் எழும்பாது. பசை என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். விலையுயர்ந்த ஓட்ட ஷூக்களும் ஒட்டியவைதான். தோலின் வழுவழுப்பான மேற்பூச்சை உரசி எடுத்து, நார் தெரிந்த பிறகு பசை தடவி, உலர விட்டு, சூடுபடுத்தி அழுத்தினால் பிடி விடாது. அவசரத்தில் உரசல் சரியாக நடக்காவிட்டால் பசை பூச்சின் மேல் உட்கார்ந்துவிடும். பூச்சு உரியும்போது பசையும் கூடவே வரும். நடக்கும்போது அதிகம் மடங்குவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் இடம் என்பதால் திறப்பு அங்கேதான் தொடங்கும். இந்தப் பசையைத் தொழிற்சாலையில் இளக்குவதே 60, 70 டிகிரிச் சூட்டில்தான். சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள், கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் ஷூ கிட்டத்தட்ட அந்தச் சூட்டைப் பார்த்துவிடும். பைக் சைலன்சரும் அப்படித்தான்.

உங்கள் தொழிலில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று, கியர் லிவர். இடது ஷூவின் முனை மட்டும் தோலுரிந்திருக்குமே? லிவருக்குப் போடும் ரப்பர் உறை பைக் உதிரிபாகக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். இரண்டாவது, கிளினிக் வாசல். ஒரு நாளைக்கு எத்தனை டாக்டரைப் பார்க்கிறீர்களோ அத்தனை தடவை ஷூவைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். லேஸை அவிழ்க்காமல் குதிகாலைத் திணித்தால் பின்பக்கத்துக்குள் இருக்கும் விறைப்பான அட்டை உடைந்து லைனிங் கிழியும். அது போனால் எந்த விலை ஷூவும் தொளதொளத்துவிடும். எனவே உங்களுக்கு லேஸ் வைத்ததே வேண்டாம். பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த மாட்டல் வகை வாங்குங்கள், குதிகாலை உள்ளே வழுக்கி விடும் கரண்டி போன்ற ஒரு சின்ன ஷூ ஹார்ன் பையில் இருக்கட்டும்.

இப்போது 11,000 ரூபாய் கேள்வி. வெல்ட் என்பது ஷூவைச் சுற்றி ஓடும் ஒரு தோல் பட்டை. மேல்பாகத்தை அந்தப் பட்டையோடு ஒரு தையல், பட்டையைச் சோலோடு இன்னொரு தையல். சோல் தேய்ந்தால் இரண்டாவது தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் போடலாம், மேல்பாகத்துக்குச் சேதமே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு இயந்திரம் வந்துவிட்டது. ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சி உறுதியாக்கிய சார்லஸ் குட்இயரின் மகன் பெயரில்தான் இன்றும் அந்தத் தையலைச் சொல்கிறோம். கைவேலை என்ற வகையில் எனக்கு அதன் மேல் காதலே உண்டு.

ஆனாலும் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் இப்போதைய ஷூ எட்டு மாதம், அதாவது 200 நாள் உழைக்கிறது. நாளுக்கு 12 ரூபாய் 50 காசு. 11,000 ரூபாய் ஷூ நடுவில் ஒரு சோல் மாற்றத்தோடு நான்கு வருடம் வந்தால், மாற்றத்துக்கு 3,000 சேர்த்து 1,200 நாளுக்கு 14,000. நாளுக்குப் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவு. மிச்சம் ஒரு ரூபாய்கூட இல்லை! அதுவும் திருச்சியில் வெல்ட் பிரித்துச் சோல் மாற்றுபவர் கிடைத்தால்தான். இல்லாவிட்டால் வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் கடைக்காரரிடம் "சோல் யார் மாற்றுவார், எவ்வளவு ஆகும்" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அந்த வெல்ட் உங்களுக்கு வெறும் அலங்காரம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3,500 ரூபாய் அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிப் போடுவேன். ஒரு நாள் வியர்வை காய ஒரு நாளாவது ஆகும். காயாத ஈரமும் வியர்வை உப்பும் தோலையும் லைனிங்கையும் தையல் நூலையும் சேர்த்துத் தின்னும். மாற்றிப் போட்டால் இரண்டும் சேர்ந்து இரண்டரை வருடம் வரும் என்பது என் அனுபவம். ரிப்பேர் செலவு 800 என்று வைத்தாலும் 750 நாளுக்கு 7,800, நாளுக்குப் பத்து ரூபாய் நாற்பது காசு.

அந்த 3,500க்குள் என்ன பார்க்க வேண்டும்? சோல் ரப்பராகவோ டி.பி.ஆர். என்கிற வார்ப்பு ரப்பராகவோ இருக்கட்டும். கையில் எடுத்தால் கனம் தெரியும். மிக லேசாக இருந்தால் பி.யு. அல்லது இ.வி.ஏ. நுரை. இ.வி.ஏ. ஈரத்தில் உதிராது, ஆனால் நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும். அடுத்து, சோலின் ஓரம் கிண்ணம் மாதிரி மேலெழும்பி மேல்தோலைத் தழுவியிருக்க வேண்டும். காரணம் இருக்கிறது: புது ஷூவை வாங்கிய கையோடு, தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோய், அந்த ஓரத்தைச் சுற்றி மெழுகு நைலான் நூலால் தைத்துவிடச் சொல்லுங்கள். 200 ரூபாய் போல ஆகும். பசை விட்டாலும் நூல் பிடிக்கும். உங்கள் பழைய 2,500 ரூபாய் ஷூவையே இப்படித் தைத்து இன்னும் நான்கு மாதம் ஓட்டியிருந்தால் நாளுக்கு ஒன்பது ரூபாய்தான் ஆகியிருக்கும். நான் சொன்ன எல்லாக் கணக்கையும்விட மலிவு. இத்தனை வருடம் தொழிற்சாலையில் இருந்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரிடம் அனுப்புகிறேனே என்று எனக்கே சிரிப்பு வருகிறது. நூல் போன துளை வழியே மழைநீர் கொஞ்சம் இறங்கும், அதற்குத் துணியுங்கள். பி.யு. நுரைச் சோலில் மட்டும் இந்த வேலை வேண்டாம், தையல் வரியோடு கிழிந்துவிடும்.

மேல்தோலைப் பொறுத்தவரை "ஜெனுவின் லெதர்" என்ற முத்திரையை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீர்கள். தோலைக் குறுக்கே பிளந்து எடுத்த அடிப்பகுதியும் தோல்தான். அதன் மேல் பி.யு. படலம் ஒட்டிப் பளபளக்க வைத்தால், சோபா உரிவது போல ஒருநாள் உரியும். நாக்குப் பகுதியின் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: நார் நாராகத் தெரிகிறதா, மேலே தனியாக ஒரு படலம் தெரிகிறதா? பெருவிரலால் அழுத்தினால் நல்ல தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய ஷூ என்றால் உள்ளே படக்குறி இருக்கும். விரித்த தோல் வடிவம் மட்டும் இருந்தால் தோல், அதற்குள் வைர வடிவம் இருந்தால் படலம் பூசிய தோல், வைரம் மட்டும் என்றால் செயற்கைப் பொருள். உள்ளே பாதத்துக்கு அடியில் வைக்கும் மெமரி ஃபோம் மெத்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில், காற்றோட்டத்தில் காய வையுங்கள். குதியடியின் ஒரு பக்கம் தேய ஆரம்பித்த உடனே ரப்பர் வில்லை அடித்துவிடுங்கள், சோலுக்குள் தேய்மானம் இறங்கிய பிறகு போனால் செருப்பு தைக்கும் அண்ணனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வாய் பிளந்து கிடக்கும் ஜோடியைத் தூக்கிப் போட வேண்டாம். சொட்டு விட்டால் ஒட்டிக்கொள்ளும் அந்த உடனடிப் பசையை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அது கண்ணாடி மாதிரி இறுகி, நான்கு எட்டு நடந்ததும் உடையும். பிறகு எந்த சொல்யூஷனும் அந்த இடத்தில் பிடிக்காது. அப்படியே எடுத்துப் போய், இரு பக்கமும் உப்புத்தாளால் உரசி சொல்யூஷன் போட்டு, சுற்றித் தைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு அது போதும்.