வாசகர் கேள்வி – பதில்: வருகைக் காலமும் வாலிபர் ஐக்கியமும்

வடகிழக்குப் பருவமழையோடு கீத பவனி (வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடுவது) பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரச் சபைகளிலிருந்து இம்மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை வாலிபர்கள் எழுதியவை, அல்லது வாலிபர்களைப் பற்றிப் பெரியவர்கள் எழுதியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். எவருக்கும் சங்கடம் வேண்டாம் என்பதால் ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: டிசம்பர் முதல் தேதியிலிருந்தே கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாட எங்கள் பாடகர் குழு ஆயத்தமாக இருக்கிறது. எங்கள் குருவானவராகிய ஐயரவர்களோ, 24ஆம் தேதி வரை ஆராதனையில் வருகைக் காலப் பாடல்களைத்தான் பாட வேண்டும் என்கிறார். இவ்வளவு கண்டிப்பு தேவைதானா? இவ்வாண்டு அட்வெந்து என்னும் வருகைக் காலம் எப்போது தொடங்குகிறது?

பதில்: பரிசுத்த அந்திரேயாவின் திருநாளாகிய நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறே அட்வெந்தின் முதல் ஞாயிறு. 2026இல் நவம்பர் 30 திங்கட்கிழமை ஆதலால், முந்தின நாளாகிய 29ஆம் தேதி தொடங்கி, டிசம்பர் 6, 13, 20 என்று நான்கு ஞாயிறுகள் வருகின்றன. திருச்சபையின் ஆண்டும் அன்றுதான் பிறக்கிறது. பலிபீடத்தில் ஊதா நிறத் துணி விரிக்கப்படுவதற்குக் காரணம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களைப் போலவே இதுவும் ஆயத்தத்தின் காலம் என்பதே. ஏசாயாவின் தீர்க்கதரிசனங்களும் யோவான் ஸ்நானனின் பிரசங்கமும் இந்த வாரங்களில் வாசிக்கப்படுகின்றன. கர்த்தருடைய இரண்டாம் வருகையைப் பற்றிய பாடங்களும் உண்டு. அப்படிப்பட்ட பாடத்தை வாசித்து முடித்த கையோடு, பாலன் பிறந்துவிட்டார் என்று தபேலாவும் கீபோர்டும் முழங்கினால் கேட்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஐயரவர்கள் சொல்வது சரி.

ஆனால் உங்கள் ஆவலையும் குறைகூற மாட்டோம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் விடுமுறைக்கு முன்பே கிறிஸ்துமஸ் விழாவை முடித்துவிடுகிறார்கள். சபைகளிலும் கிறிஸ்துமஸ் மர ஆராதனை டிசம்பர் நடுவிலேயே வந்துவிடுகிறது. அந்த நிகழ்ச்சிகளில் கிறிஸ்துமஸ் பாடல்களைத் தாராளமாகப் பாடுங்கள். ஞாயிறு ஆராதனையை மட்டும் அதன் போக்கில் விடுங்கள். பாமாலைப் புத்தகத்தில் வருகைக் காலத்துக்குரிய பாடல்கள் இருந்தும், பல சபைகளில் இரண்டு மூன்றைத் தவிர மற்றவை பாடப்படுவதே இல்லை. கீர்த்தனைப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்து 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் எத்தனை இராகங்களைக் கையாண்டார்கள் என்பது அந்தச் சிறிய எழுத்தில் இருக்கிறது. நாம் அதைத் தாண்டி நேராகப் பல்லவிக்குப் போய்விடுகிறோம். உங்கள் குழுவில் கர்நாடக இசை பயில்கிற ஒருவர் இருந்தால், வாரத்துக்கு ஒரு பாட்டை அதற்குரிய இராகத்திலேயே பழக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: கிறிஸ்து பிறப்பின் காலம் டிசம்பர் 25ஆம் தேதி முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. ஜனவரி 6ஆம் தேதி ஞானிகள் பாலனைத் தொழுததை நினைக்கும் எப்பிபனி திருநாள் வரை பன்னிரண்டு நாட்கள் அந்தப் பாடல்களுக்கே உரியவை. இருபத்தாறாம் தேதியே நட்சத்திரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவது நம்முடைய அவசரம்.

கேள்வி: இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டு விடியும்வரை வீடு வீடாகப் போவதுதான் எங்கள் ஊர்க் கீத பவனியின் வழக்கம். சென்ற ஆண்டு அயல் தெருவினர் ஒலிபெருக்கியைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். பவனியில் சேர்ந்த காணிக்கையைப் பற்றியும் பேச்சு எழுந்தது. இந்த ஆண்டு பவனியே வேண்டாம் என்று சேகரக் கமிட்டியில் (குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) சிலர் சொல்கிறார்கள்.

பதில்: பவனியை நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பண்டிகை நாட்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். அது அரசு அறிவிக்க வேண்டிய சலுகையே தவிர, நாமாக எடுத்துக்கொள்ளும் உரிமை அன்று. மாலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், தெருக்களைப் பிரித்துக்கொண்டு நான்கு இரவுகளில் ஒரு நடுத்தர ஊரையே முடித்துவிடலாம். அரையாண்டுத் தேர்வும் இதே வாரங்களில் நடக்கும் என்பதை மறக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளையும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அதே கணக்குப் பாடத்தோடுதான் போராடிக்கொண்டிருப்பார்கள்.

ஒலிபெருக்கியே இல்லாமல் பாடினால் என்ன என்றும் யோசியுங்கள். பத்துப் பேர் பாகம் பிரித்துப் பாடுகிற பாட்டு ஒரு முற்றத்தை நிரப்பப் போதுமானது. நோயாளிகள், தனித்திருக்கும் முதியவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு முதல் நாளே போய்விடுங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டி, தூக்கம் கலைந்த பாட்டியை வாசலில் நிறுத்தி ஒரு சரணம் மட்டும் பாடிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவதை ஊழியம் என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

மழைக்கும் திட்டத்தில் இடம் விடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் இரு மாவட்டங்களும் பட்ட பாட்டை இங்கே எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பவனி நாட்களின் முடிவில் இரண்டு மாற்று இரவுகளை ஒதுக்கி வைத்திருந்தால், தாமிரபரணியில் தண்ணீர் வரத்து கூடியதென்ற செய்தி வந்த இரவில், அட்டவணை கெட்டுவிடுமே என்று பிள்ளைகளைத் தெருவில் இறக்க வேண்டியிராது.

பணத்தைப் பற்றிய பேச்சுக்கு மருந்து இரசீதுப் புத்தகம் ஒன்றுதான். பூட்டிய உண்டியல் ஒன்று, எண் போட்ட இரசீதுகள், ஒவ்வோர் இரவும் பவனி முடிந்தவுடன் ஆலய அறையில் வாலிபர் இருவரும் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து எண்ணிக் கையொப்பமிடும் ஒரு நோட்டு, அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் மொத்தத் தொகை. இது யாருக்கும் அவமானம் இல்லை. உங்கள் வாலிபர்களுக்குக் கவசம். ஆடைக்கும் பிரியாணிக்கும் எவ்வளவு செலவாயிற்று என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். ஊருக்குத் தெரிந்த பிரியாணிதானே!

கேள்வி: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போகிறது. இது தகுமா?

பதில்: விளைச்சலின் முதற்பலனைத் தானியமாகவும் காய்கனியாகவும் கோழியாகவும் கொண்டுவந்து படைத்த வழக்கத்திலிருந்து வந்ததே இந்த ஏலம். பணம் புழங்காத வீடுகளிலிருந்தும் காணிக்கை வர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்ததும் அதே மனதோடுதான். மகிழ்ச்சியோடு ஒருவர் கூடக் கொடுப்பதில் தவறு இல்லை. இரண்டு குடும்பங்களின் பழைய வழக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்போது ஏலம் விடுகிறவர் சுத்தியலைச் சீக்கிரம் தட்டிவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 22. அசனம் (சபை விருந்து) என்றால் இலை எடுக்க, கன்வென்ஷன் என்றால் நாற்காலி போட, கிறிஸ்துமஸ் என்றால் ஸ்டார் கட்ட – இதற்கு மட்டுமே வாலிபர்களைக் கூப்பிடுகிறார்கள். ஆலோசனை என்று வந்தால், “சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்” என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் இம்மாதம் இரண்டு முறை படித்தோம். முதலில் ஒரு திருத்தம்: பந்தி பரிமாறுவதைச் சிறுமையாக எண்ண வேண்டாம். சாதியும் மதமும் பாராமல் ஊரையே ஒரே பந்தியில் உட்கார வைப்பது அசனம். இரவெல்லாம் விழித்திருந்து கோட்டை அடுப்பில் விறகு தள்ளி, அண்டாவில் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பைத் துடுப்பால் கிளறி, விடிந்ததும் பந்திக்கு ஓடுகிற வாலிபர்களே அதைத் தாங்குகிறார்கள். எத்தனை மூட்டை அரிசி போட்டால் எத்தனை பந்தி ஓடும் என்பது இன்று கமிட்டியில் இருப்பவர்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். குறை எங்கே என்றால், அந்த அறிவைக் கணக்கு நோட்டின் பக்கம் வர விடாததில் இருக்கிறது. ஆகையால் இந்த ஆண்டு அசனக் கணக்கை எழுதும் பொறுப்பைக் கேளுங்கள். உரிமை என்று கேட்டால் ஒரு வருடம் இழுபடும். வேலை என்று கேட்டால் அன்றே கொடுத்துவிடுவார்கள்.

அடுத்தது வேத பாட வாசிப்பு. ஞாயிறுதோறும் இரண்டு வாலிபர்கள், குறிப்பாக இதுவரை அழைக்கப்படாத பெண்பிள்ளைகள், பாடத்தை முன்னதாகவே பெற்று, சனிக்கிழமை மாலை ஆலயத்தில் ஒருமுறை உரக்க வாசித்துப் பழகி, மறுநாள் வாசிக்கலாம். நம் வேதாகமத்தின் நீண்ட வாக்கியங்களை எங்கே நிறுத்தி எங்கே தொடர வேண்டும் என்பது வாசித்துப் பழகினால்தான் வரும்.

மூன்றாவது ஒரு வேலையைச் சொல்கிறோம். செய்ய ஆளில்லாமல் கிடக்கிற வேலை. பழைய சபைகள் பலவற்றில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. சான்றிதழ் கேட்டு எவராவது வந்தால், சபை ஊழியர் ஆண்டு தெரியாமல் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்; ஒவ்வொரு புரட்டலுக்கும் ஓரம் உதிர்கிறது. பழைய மை பழுப்பேறி, எழுத்து இருந்த இடத்தில் தாளையே அரித்திருப்பதையும் பார்க்கலாம். ஐயரவர்களின் அனுமதியோடு, வாரத்துக்கு ஒரு மாலை, வெஸ்ட்ரி என்னும் ஆலய அறையின் மேசையிலேயே உட்கார்ந்து, ஆண்டு, பெயர், பதிவு எண், பக்கம் ஆகியவற்றைக் கொண்ட ஓர் அட்டவணையை நீங்கள் தயாரிக்கலாம். ஏட்டின் அருகில் பேனா வேண்டாம், பென்சில் மட்டும். ஏட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, அவை பிறருடைய குடும்ப விவரங்கள். இந்த அட்டவணை முடிந்தால், ஊரிலுள்ள எந்தக் குடும்பம் எந்தத் தலைமுறையில் சபைக்குள் வந்தது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் வாலிபர்களாகவே இருப்பார்கள். அதன் பிறகு, ‘என்ன தெரியும்’ என்று கேட்கிறவர் குரல் சற்றுத் தாழும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 28. இந்தியரே போய், இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில் ஊழியம் நடத்துவது என்பது அக்காலத்தில் துணிச்சலான ஏற்பாடு. நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பி, அவர்களைத் தெலுங்கு கற்க வைத்தது அந்தச் சங்கம். 1912இல் அசரியாவே அங்கே பேராயரானார். இருபத்தெட்டு வயதுக்காரர் இன்று நம் கமிட்டியில் எழுந்து பேசினால் எத்தனை நிமிடம் கேட்போம்?

கேள்வி: என் மகன் வேலைக்காகச் சென்னைக்குப் போய், அங்கே மெதடிஸ்ட் வழி வந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் ஒன்றுக்குப் போகிறான். ஆராதனை முறை வேறாக இருக்கிறதாம். அவன் வேறு சபைக்குப் போய்விட்டான் என்று உறவினர்கள் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

பதில்: அம்மா, வருத்தமே வேண்டாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன் சபையும் மெதடிஸ்ட் சபையும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் வழியினர் முன்பே இணைந்திருந்த ஐக்கிய சபையும் ஒன்றாயின. பழைய வழக்கங்களின் சாயல் ஆலயத்துக்கு ஆலயம் மாறுகிறதே தவிர, திருச்சபை ஒன்றே. உங்கள் சேகர குருவானவரிடம் சபை அங்கத்தினர் என்பதற்கான கடிதம் ஒன்றை வாங்கி அனுப்பினால், அங்கே அவன் பெயரை முறையாகப் பதிந்துகொள்ள வசதியாக இருக்கும். பெயர் பதியாத வாலிபன் இரு ஊரிலும் விருந்தாளியாகவே நின்றுவிடுகிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவன் வரும்போது, மாற்று இரவுகளில் ஒன்றையாவது கீத பவனிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இங்கே பேஸ் பாகம் பாட ஆள் இல்லை என்று மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி: வாலிபர் ஐக்கியத்தில் இயேசுவின் பாடுகளின் நாடகம் போட நினைக்கிறோம். வரும் ஆண்டில் ஈஸ்டர் எப்போது?

பதில்: 2027இல் ஈஸ்டர் மார்ச் 28ஆம் தேதியே வந்துவிடுகிறது. சாம்பல் புதன் பிப்ரவரி 10, குருத்தோலை ஞாயிறு மார்ச் 21, புனித வெள்ளி மார்ச் 26. அரசுப் பொதுத்தேர்வுகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான் நடப்பதால், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீண்ட வசனமுள்ள பாத்திரங்களைக் கொடுக்க வேண்டாம். பிலாத்துவையும் பேதுருவையும் கல்லூரி முடித்தவர்களிடம் விட்டுவிடுங்கள். பொங்கல் விடுமுறையில் வசனங்களைக் கொடுத்து, பிப்ரவரி முடிவதற்குள் ஒத்திகையை முடித்துவிட்டால் மார்ச் மாதத்தில் ஆடை தைப்பது மட்டுமே மிச்சமிருக்கும்.