பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுவது ஏன்?

கேள்வி: என்னுடைய கார் 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் உதறுகிறது. 50-க்குக் கீழே எதுவும் தெரிவதில்லை. வீல் பேலன்சிங் இரண்டு முறை செய்தாயிற்று. எட்டு மாதங்களுக்கு முன் முன்சக்கர டிஸ்க்குகளையும் பேட்களையும் மாற்றினேன். உதறல் நின்றது, ஆனால் 6,000 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்துவிட்டது. டிஸ்க் மறுபடியும் பெண்ட் ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஜோடியைப் பூட்டினாலும், அடுத்த சில ஆயிரம் கிலோமீட்டரில் இதே கேள்வியோடு நிற்பீர்கள். பிரேக்கை மிதிக்காமல் ஓட்டும்போது உதறல் இல்லையென்றால் வீல் பேலன்சிங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தச் செலவை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது என்று பட்டறைகளில் சொல்வது வழக்கம்தான். ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க் அவ்வளவு எளிதில் வளைவதில்லை. பெரும்பாலும் நடப்பது, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவதுதான். ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் கால் பங்கு அளவுக்கு, வித்தியாசம் வந்துவிட்டாலே போதும்: டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட்களுக்கு இடையே தடித்த இடம் புகும்போதெல்லாம் பிடிப்பு கூடி, மெலிந்த இடம் வரும்போது குறைந்து, அந்த ஏற்ற இறக்கம் ஸ்டீயரிங் வழியாக உங்கள் கைக்கு வந்து சேருகிறது. நடுத்தரக் காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங் அமைப்பும் இயல்பாகவே அதிரக்கூடிய வேகமும் அதை ஒட்டியே இருப்பதால், சிறிய துடிப்பு அங்கே பெரிதாகிவிடுகிறது. 50 கிலோமீட்டரில் அது தெரியாமல் போவதற்குக் காரணம், குறை இல்லாததல்ல; அந்தத் துடிப்போடு சேர்ந்து அதிர எதுவும் இல்லாததுதான்.

புதிய டிஸ்க்கில் இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்பதே உங்கள் காரைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி. 6,000 கிலோமீட்டர் கழித்து வந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடையின் பாதி இருக்கிறது. டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துருவோ அழுக்கோ இருக்க, அதன் மேலேயே புதிய டிஸ்க்கைப் பூட்டினால் அது நேராக உட்காராமல் இலேசாகக் கோணிச் சுழலும். பூட்டிய அன்று எதுவும் தெரியாது. ஆனால் பிரேக்கை மிதிக்காதபோதும் கோணிய பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசிக்கொண்டே போகும். அந்த ஓரிடம் மட்டும் மெதுவாகத் தேய்ந்து மெலியும். ஒரு காரில் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தபோது, அதற்கும் ஹப்புக்கும் நடுவே கடுகளவு துருச் செதில் ஒன்று நசுங்கி ஒட்டியிருந்ததைக் கண்டேன். ஹப்பின் விளிம்பில் இருக்கும் இடைவெளி, டிஸ்க்கின் வெளிவிளிம்புக்குப் போகும்போது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும் என்பதால், அந்தச் செதில் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆகவே மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றிய பின் நட்டுகளால் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கி, வெளிவிளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். உங்கள் காருக்கான சர்வீஸ் கையேட்டில் தரப்பட்டிருக்கும் அளவே முடிவானது, ஆனாலும் கோணல் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் தடிமனைப் பார்க்க வேண்டும். கோணல் தெரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும். அப்போதும் மீறினால், டிஸ்க்கை ஒவ்வொரு போல்ட் துளையாக நகர்த்திப் பூட்டிப் பார்த்து, கோணல் மிகக் குறைவாக வரும் நிலையைத் தேர்ந்துகொள்ளலாம். எந்த நிலையிலும் குறையவில்லை என்றால் ஹப்போ பேரிங்கோதான் குற்றவாளி. மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து சீராக்க முடியும். கடைந்த பிறகும் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் இருந்தால் மட்டுமே அதைப் பூட்டலாம். பேட்களைத் தாங்கும் காலிபரின் பின்கள் (காலிபர் நகர்வதற்கான தண்டுகள்) கையால் தள்ளினால் தடையின்றி நகர்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

சக்கரத்தைப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவது கட்டாயம். பட்டறையில் நட்டு இறுக்கும் காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்கினால் நேராக்கிய டிஸ்க் திரும்பவும் கோணக்கூடும். புதிய பேட் போட்டிருந்தால், ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்து முறை, வண்டியை முழுவதும் நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பேட்டின் பூச்சு டிஸ்க் முழுவதும் ஒரே சீராகப் படியும். அதிவேகத்திலிருந்து அழுத்திப் பிடித்து நின்ற பிறகு, கொதிக்கும் டிஸ்க்கின் மேல் பேட்டை இறுக்கியபடியே காத்திருந்தால், பேட் இருந்த இடத்தில் மட்டும் அச்சு விழுந்து அதுவும் உதறலாக மாறும்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் உதறினால், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த புஷ் உதறலை உண்டாக்குவதைவிட, இருக்கும் சிறு உதறலைப் பெரிதாக்கிக் காட்டுவதே அதிகம்.

கேள்வி: எனக்கு ஸ்டீயரிங் அசையவில்லை, இருக்கையும் தரையும்தான் அதிர்கின்றன. என் காரில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்.

பதில்: பின்பக்கத்தைச் சந்தேகியுங்கள். கையால் இழுக்கும் பிரேக் உள்ள காரானால், நேரான, வெறிச்சோடிய சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில், பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு லீவரை மெல்ல இழுத்துப் பாருங்கள். அதே அதிர்வு வந்தால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது என்று பொருள். ஈரமான சாலையிலும் வளைவிலும் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: திடீரென்று பிரேக் அடித்தபோது பெடல் படபடவென்று காலை உதைத்தது. இதுவும் டிஸ்க் கோளாறா?

பதில்: இல்லை, அது ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் அடையாளம். அப்போது காலை எடுக்காமல் அழுத்தியபடியே இருக்க வேண்டும். சாதாரணமாக மெதுவாக மிதிக்கும்போதே பெடல் அப்படித் துடித்தால் மட்டும் டிஸ்க்கை அளந்து பாருங்கள்.