டிஸ்க்கைத் துடைத்தால் போகாத கோளாறு: செங்கோட்டை அண்ணாச்சி கேள்வி பதில்

பழைய கேசட், டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். கேரள எல்லை தாண்டியும் கேள்விகள் வந்திருக்கின்றன.

ஆரியங்காவு: அண்ணாச்சி, சண்டைக் காட்சி வந்தாலே டிவிடியில் படம் கட்டம் கட்டமா உடையுது. பற்பசை போட்டுத் தேய்ச்சும் சரியாகலை.

பற்பசை வேண்டவே வேண்டாம். அது புதுக் கீறல் போடும். உங்கள் டிஸ்க்கில் கோளாறு கீறலால் வந்ததில்லை. கீறல் என்றால் படம் நிற்கும், தாவும், சத்தமும் கூடவே அறுபடும். சத்தம் சீராக ஓட, ஆள் ஓடும்போதும் மழை கொட்டும்போதும் மட்டும் படம் உடைந்தால், பதியும்போதே இடத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். ‘3 இன் 1’ டிஸ்க்தானே? ஓரடுக்கு டிவிடியில் கொள்வது 4.7 ஜிபி. அதில் இரண்டரை மணி நேரப் படம் மூன்றைத் திணித்தால், சத்தத்தையும் சேர்த்து நொடிக்குச் சுமார் 14 லட்சம் பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) தான் கிடைக்கும். விசிடிக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். ஆனால் டிவிடி படத்தில் புள்ளிகள் நாலு மடங்கு. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறார்கள். பிட் போதாதபோது அந்தக் கட்டங்களின் ஓரம் வெளியே தெரியும். ஒரு படம் மட்டும் உள்ள டிஸ்க் வாங்குங்கள்.

புனலூர்: லேப்டாப்பில் கல்யாண டிவிடி போட்டா, ஆள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழுது.

வீடியோ படம் கிடைக்கோடுகளால் ஆனது. அதில் ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் வெவ்வேறு நொடித்துளியில் எடுக்கப்பட்டவை. லேப்டாப் பிளேயரில் அந்த இரண்டையும் ஒன்றாக்கும் ‘டீஇன்டர்லேஸ்’ வசதியைப் போடுங்கள்.

தென்காசி: பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் பொடிப் பொடியா ஏதோ ஆடுது. சுத்தம் பண்ணின பதிப்பு வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பொடி அழுக்கு இல்லை, ஃபிலிமின் பரல். வெள்ளிப் பரல்களால் ஆனதுதான் அந்தப் படமே. பரலை வழித்தால் சேலையின் நெசவும் நெற்றி வியர்வையும் சேர்ந்தே போகும். முகம் மெழுகாகிவிடும்.

தென்காசி (மீண்டும்): எங்க வீட்டில எல்லாருக்கும் பளிச்சுன்னு இருக்கறதுதான் பிடிக்குது.

புனலூர்: எனக்கும்தான் அண்ணாச்சி.

இருவரும் ஒன்று செய்யுங்கள். சுத்தம் பண்ணின பதிப்பைப் போட்டு ஒரு க்ளோசப்பில் நிறுத்தி, நடிகையின் மூக்குத்திக்குப் பக்கத்துத் தோலைப் பாருங்கள். மயிர்க்கால் தெரிகிறதா? தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடுகிறதா? அந்தக் கோடு படப்பிடிப்பில் இல்லாதது. கூர்மை கூட்டியதால் வந்த கரை அது. நீங்கள் பளிச்சென்கிறது அதைத்தான். டிவியிலும் ‘ஷார்ப்னஸ்’ஸைக் குறைத்துப் பாருங்கள். ஒளிப்பதிவாளர் விளக்கு வைத்துச் செதுக்கிய முகம் அழிவது எனக்குத் தாங்காது.

புளியரை: விசிடியில் கீறல். பற்பசை...

மேலே சொல்லியாயிற்று. வேண்டாம்.

கடையநல்லூர்: எந்த டிவி வாங்கலாம்?

அது என் துறை இல்லை. கடையில் உங்கள் டிஸ்க்கையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

குற்றாலம்: பிள்ளையின் காதுகுத்து விசிடி ஓடவே மாட்டேங்குது. அடியில கீறலே இல்லை.

மேல்பக்கத்தைப் பாருங்கள். விசிடியில் பதிவு இருப்பது லேபிளை ஒட்டித்தான். ஒட்டிய பேப்பரை உரித்திருந்தால் பதிவும் கூடவே வந்திருக்கும். விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசித் துளை போல வெளிச்சம் வந்தால் அந்த இடம் போனதுதான். அந்தத் துளை டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மட்டும் இருந்தால் உடனே கொண்டு வாருங்கள். பதிவு நடுவிலிருந்துதான் தொடங்கும், பாதியையாவது எடுத்துவிடலாம். சாரல் காலம், பீரோவில் வைத்துப் பூசணம் பிடிக்க விடாதீர்கள். துடைத்தால் ஈரத் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேராக. பற்பசை வேண்டாம்.