92 கிலோ எடை: நடையா, ஊசியா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: எனக்கு 43 வயது. உயரம் 155 செ.மீ., எடை 92 கிலோ. மார்த்தாண்டம் அருகே முந்திரி ஆலையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.1. முழங்கால் வலியும் குறட்டையும் அதிகம். முன்பு இரவுச் சாப்பாட்டை விட்டு எட்டு கிலோ குறைத்தேன்; ஓராண்டுக்குள் எல்லாம் திரும்பிவிட்டது. நடந்தாலே போதும் என்கிறார் கணவர். துபாயிலிருந்து எடை குறைக்கும் ஊசி வாங்கி வருகிறேன் என்கிறான் மகன். திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அண்ணி, அதைத்தான் செய்யச் சொல்கிறார். நான் எதைச் செய்வது?

பதில்: சகோதரி, குறைத்த எட்டு கிலோ திரும்பி வந்ததற்கு உங்கள் மனவுறுதி காரணமல்ல. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுகிறது, வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன்கள் குறைகின்றன, உடல் எரிக்கும் கலோரியும் குறைகிறது. ஓராண்டு கழிந்த பிறகும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இழந்த எடையை மீட்கத்தான் உடல் முயல்கிறது. ஆகவே உடல் பருமனை ரத்த அழுத்தத்தைப் போல நீண்டகால நோயாகவே மருத்துவர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். கல்யாண வீட்டில் உறவினர்கள் சொல்லும் சொல்லை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீடு கிடைக்கும். உங்களுக்கு அது 38. உலக அளவில் 30-க்கு மேல் உடல் பருமன் என்றால், இந்தியர்களுக்கு 25-க்கு மேலேயே அப்படிக் கொள்கிறோம். அதே எடையில் நமக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்வதும், சர்க்கரை நோய் முன்கூட்டியே வருவதும் இதற்குக் காரணம். எடையைவிட எனக்கு அதிகக் கவலை தருபவை உங்கள் எச்பிஏ1சி 9.1-ம் குறட்டையும். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்கள் கணவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் உறக்கப் பரிசோதனை கட்டாயம் தேவை.

உங்கள் வீட்டில் மூவரும் மூன்று வழி சொல்கிறார்கள். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. எந்த வழியில் போனாலும் சாப்பாட்டு முறையும் நடையும் கூடவே வரும். ஆனால் 38 என்ற நிலையில், சர்க்கரையும் சேர்ந்திருக்கும்போது, நடை மட்டும் போதும் என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். ஒரு மாலை நேரத்தைப் பாருங்கள்: அவித்த மரச்சீனிக்கிழங்கு ஒரு தட்டு நிறைய, அருகில் மீன் குழம்பு, ஒரு துண்டு சாளை (மத்தி) மீன். 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல் இருக்கிறது, புரதம் ஒரு கிராம் அளவுதான். சாளையிலோ 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. கிழங்கை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. குமரி மாவட்டத்தில் அது நடக்கிற காரியமில்லை. அளவை மாற்றுங்கள். கிழங்கு அரைக் கிண்ணம், மீன் மூன்று துண்டு, பக்கத்தில் கீரையோ பயறுத் தோரனோ. கிழங்கு சாப்பிட்ட இரவில் சோறு வேண்டாம். சம்பா அரிசிச் சோறு வெள்ளைச் சோற்றைவிட நல்லது என்று நம்பி இரண்டு மடங்கு போட்டுக்கொள்பவர்கள் பலர். அளவு கூடினால் அந்த நன்மை போய்விடும்.

தேங்காயை முழுவதும் ஒதுக்க வேண்டாம், ஆனால் எண்ணெயைக் கட்டாயம் அளந்து ஊற்றுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. நேந்திரம் சிப்ஸ் கையெட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது. நாள் ஒன்றுக்கு நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதிலேயே 160 கலோரி ஏறிவிடுகிறது. முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். இரவுச் சாப்பாட்டை விடும் பழைய வழிக்கு மட்டும் திரும்பிவிடாதீர்கள். கிளிமிபிரைடு சாப்பிடும் நிலையில் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரிடும். சாப்பாட்டைக் குறைக்கும் முன்பே, இந்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். எடை கூட்டும் இயல்பும் அதற்கு உண்டு என்பதால், மாற்று மருந்து பற்றியும் கேளுங்கள்.

வலிக்கும் முழங்காலோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டாம். பட்டணங்கால் கரையில் பத்து நிமிடம் நடந்து, உட்கார்ந்து, மறுபடி பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். வாரத்திற்கு 150 நிமிடம் எட்டினால் போதும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மழையைக் காரணமாக்கி நடையை விட்டுவிடுவது எளிது. அந்த நாட்களில் கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து முறை, மூன்று சுற்று. தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும். ஆலையிலும் ஒரு மணி நேரத்திற்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள்.

இதனால் எவ்வளவு குறையும்? ஒழுங்காகச் செய்தால் 5 முதல் 10 விழுக்காடு, அதாவது உங்களுக்கு ஐந்து முதல் ஒன்பது கிலோ. சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நன்மை தெரிய இது போதும். குறட்டையும் மூட்டும் சரியாக இது போதாமல் போகலாம்.

அடுத்து ஊசி. செமாகுளூடைடு, டிர்செபடைடு இரண்டும் வாரம் ஒரு முறை போடுபவை. குடல் சுரக்கும் ஹார்மோன்களைப் போலச் செயல்பட்டு, பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. செய்தித்தாளில் வரும் 15, 20 விழுக்காடு என்ற எண்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வுகளில் வந்தவை. சர்க்கரை உள்ளவர்களிடம் செமாகுளூடைடு 68 வாரத்தில் சராசரியாக 9.6 விழுக்காடும், டிர்செபடைடு உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 14.7 விழுக்காடும் எடையைக் குறைத்தன. உங்கள் கணக்கில் முறையே ஒன்பது, பதின்மூன்று கிலோ. சர்க்கரையும் நன்றாக இறங்கும் என்பதால் உங்களுக்கு இவை பொருத்தமான மருந்துகளே.

ஆனால் மகனிடம் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். விமானப் பயணப் பெட்டியில் அது காக்கப்படுவதில்லை. போலிச் செமாகுளூடைடு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விட்டிருக்கிறது. இரண்டு மருந்தும் இந்தியாவிலேயே மருத்துவர் சீட்டுடன் கிடைக்கின்றன. குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை ஏற்ற வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரலாம். பித்தப்பைக் கல்லும் அரிதாகக் கணைய அழற்சியும் ஏற்படலாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி கூடாது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு மோசமாகக்கூடும் என்பதால், தொடங்கும் முன் கண் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். எடையோடு தசையும் கரையும். மேலே சொன்ன மீனும் நாற்காலிப் பயிற்சியும் அப்போது இன்னும் முக்கியமாகின்றன.

மாதச் செலவு ஆயிரக்கணக்கில் ஆகும் என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவெடுங்கள். நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளூடைடை நிறுத்தியவர்கள், குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றார்கள். மூன்று மாதத்திற்கு மட்டும் வாங்கப் பணமிருந்தால், தொடங்காமல் இருப்பதே மேல்.

எடை குறைக்கும் 'மூலிகை' மாத்திரைகளையும் பொடிகளையும் தொடாதீர்கள். இதயத்திற்கு ஆபத்தானது என்று தடை செய்யப்பட்ட சிபுட்ராமின் இத்தகைய பொருட்களில் கலந்திருப்பது பல நாடுகளில் மீண்டும் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

அறுவை சிகிச்சையைக் கடைசிக் கதி என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஆசியர்களுக்குக் குறியீடு 27.5 தாண்டினாலே இந்த வாய்ப்பை முன்வைக்கலாம் என்று 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தால், அறுவைக்குப் பின் அது தணியும் வாய்ப்பு அதிகம். பத்து, பதினைந்து ஆண்டு கடந்து இன்சுலினுக்குப் போனபின் குறைந்துவிடும். உங்களுக்கு ஆறு ஆண்டு ஆகியிருக்கிறது. ஆகவே அறுவை நிபுணரை இப்போதே ஒரு முறை பாருங்கள். பார்ப்பதாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடாது.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். பைபாஸ் முறையில் சிறிய பை ஒன்றை அமைத்துக் குடலின் வழியை மாற்றுகிறார்கள். இரண்டும் லேப்பராஸ்கோப்பி வழியாகவே, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டே நடக்கின்றன. மொத்த எடையில் சுமார் 25 முதல் 30 விழுக்காடு குறையும். உங்களுக்கு 23 கிலோவுக்கு மேல். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், அவர்களுக்குப் பைபாஸ் நல்லது. உயிராபத்து, அனுபவமுள்ள இடங்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான். கசிவு, ரத்தக்கட்டு போன்ற சிக்கல்கள் சிலருக்கு வரும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க வேண்டும். உங்கள் அண்ணி இவற்றைத் தொடர்கிறாரா என்று கேளுங்கள். நிறுத்தியிருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். ஐந்து ஆண்டு கழித்து உங்களைத் தொடர்ந்து பார்க்கப்போவது யார் என்று அறுவை நிபுணரிடம் கேட்டு, தெளிவான பதில் வந்தால் மட்டுமே சம்மதியுங்கள்.

தொடக்கப் பரிசோதனைகளுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் காட்டலாம். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, கண் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தோடு மூன்று மாதம் முயலுங்கள். அதற்குள் ஐந்து விழுக்காடு, அதாவது நாலரை கிலோ குறையாமலும் எச்பிஏ1சி இறங்காமலும் இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் போவதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

மருத்துவக் காப்பீடு இருந்தால் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விதிப்படி, குறியீடு 40 இருந்தாலோ, 35-க்கு மேலிருந்து கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை, கடுமையான உறக்க மூச்சடைப்பு போன்றவை சேர்ந்திருந்தாலோதான் இந்த அறுவைக்குப் பணம் தருவார்கள். மற்ற முயற்சிகள் பலனளிக்கவில்லை என்பதற்கும் சான்று கேட்பார்கள். ஆகவே இன்றைய எடை, 9.1 என்ற ரத்த அறிக்கை, உறக்கப் பரிசோதனை முடிவு, மாதாமாதம் மருத்துவர் எழுதும் குறிப்பு எல்லாவற்றையும் தேதியோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.