லீசிங் 'சீஸ்', எஞ்சின் 'சீஸ்'

தம்பி, தவணை கட்டாத ஓட்டோவை லீசிங்காரர் 'சீஸ்' (seize) பண்ணுவதும், பஞ்சிகாவத்தை மெக்கானிக் பாஸ் எஞ்சின் 'சீஸ்' என்பதும் ஒரே சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். ஓம், ஒன்றேதான். ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி விரிந்து சிலிண்டர் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான்.

மூலம் பழைய பிரெஞ்சு 'செய்சிர்'. நிலமானியச் சட்டத்தில் அதற்கு, ஒருவர் கையில் காணியை ஒப்படைப்பது என்று பொருள். கொடுக்க இருந்த சொல் பறிக்கப் போய்விட்டது, பாருங்கள்!

'கொன்பிஸ்கேட்' (confiscate) வேறு, அது பெரும்பாலும் அரசு பறிமுதல் செய்வது. லத்தீன் 'பிஸ்கஸ்' முதலில் கூடை, பிறகு காசுக்கூடை, அப்புறம் ரோமப் பேரரசரின் கருவூலம். புதுக்கடை நீதிமன்றக் கட்டளையோடு சொத்தைக் கைப்பற்ற வருகிற அதிகாரியான பிஸ்காலும் அதே கூடைதான், ஒல்லாந்தர் வழியாக வந்தவர்.