புதுசா வந்த கினி பிக் கைக்குப் பழக என்ன பண்ணணும்? கேள்வி பதில்

"தொட்டாலே ஓடுது, தூக்கினா கத்துது"ன்னு நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால இன்னிக்கு கைக்குப் பழக்கறத பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன். மருந்து பேர் மட்டும் கேக்காதீங்க, அது டாக்டர் வேலை.

கேள்வி (சென்னை): அக்கா, போன வாரம் கொளத்தூர்ல ரெண்டு பெண் கினி பிக் வாங்கினோம். கூண்டுகிட்ட போனாலே அட்டைப்பெட்டிக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குதுங்க. பொண்ணு தூக்கணும்னு அழறா. எத்தனை நாள்ல பழகும்?

பதில்: ரெண்டா வாங்கினீங்க பாருங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஒண்ணு தைரியமா வந்தா இன்னொண்ணு பின்னாடியே வந்துடும். நாள் கணக்கு சொல்ல மாட்டேன்மா, சிலது ஒரு வாரத்துல வரும், சிலதுக்கு ரெண்டு மாசம் கூட ஆகும்.

இது தென் அமெரிக்கா ஆண்டிஸ் மலைப்பக்கத்து பிராணி. மனுஷங்க வளர்க்க ஆரம்பிச்சு ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு, ஆனாலும் மேலேருந்து எதாவது வந்தா பருந்துன்னு நெனச்சு ஓடற புத்தி மட்டும் போகல. அதனால முதல் ரெண்டு மூணு நாள் தொடவே தொடாதீங்க. கூண்டு பக்கத்துல தரையில உக்காந்து போன் பேசுங்க, பொண்ண ஹோம்வொர்க் பண்ண சொல்லுங்க, உங்க குரலும் வாசனையும் பழகட்டும். கூண்ட தரையில வெச்சிருந்தா கொஞ்சம் ஒசரத்துல வைங்க, அப்பதான் நீங்க குனிஞ்சு வராம பக்கவாட்டுல கைய நீட்ட முடியும். அப்புறம் கொத்தமல்லி ஒரு கொத்த கையில நீட்டிட்டு அசையாம இருங்க. பிடுங்கிட்டு ஓடும், ஓடட்டும். ஒரு நாள் அங்கயே நின்னு திங்கும், அன்னிக்கு மெதுவா ஒரு விரலால கன்னத்துலயோ காதுக்குப் பின்னாடியோ தொட்டுப் பாருங்க. பின்பக்கம் தொட்டா பெரும்பாலும் பிடிக்காது.

தூக்கறப்ப கூண்டுக்குள்ள துரத்தக் கூடாது. அது ஒளிஞ்சுக்கற பெட்டிக்குள்ள தானா போனதும் பெட்டியோட வாய மூடி, பெட்டியோட சேர்த்தே வெளிய எடுங்க. கையாலயே எடுக்கணும்னா ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, இன்னொரு கை பின்பக்கத்தைத் தாங்கணும், உடனே உங்க மார்போட அணைச்சுக்கணும். திரும்ப விடறப்ப பின்பக்கம் உள்ள போற மாதிரி விடுங்க, கூண்டப் பாத்ததும் தாவும், அப்படித்தான் கால் ஒடியுது. பொண்ணு தரையில உக்காந்து, மடியில துண்டு போட்டு, நீங்க பக்கத்துல இருந்தா மட்டும் குடுங்க. நின்னுட்டு தூக்க விடாதீங்க.

கேள்வி (திருச்சி): மடியில வெச்சா உச்சா போயிடுதே, எப்படி நிறுத்தறது?

பதில்: நிறுத்த முடியாது. நெளிய ஆரம்பிச்சாலோ துணியக் கடிச்சு இழுத்தாலோ அதுக்கு அவசரம்னு அர்த்தம், கூண்டுல விடுங்க. ஆரம்பத்துல 10 நிமிஷத்துக்கு மேல வெச்சுக்காதீங்க.

கேள்வி (சேலம்): இவ்ளோ பொறுமை எதுக்கு மேடம்? நான் மொத நாளே தூக்கி மடியில வெச்சேன், அரை மணி நேரம் பொம்மை மாதிரி அசையாம இருந்துச்சு. ஒரே நாள்ல பழகிடுச்சு.

பதில்: சார், அது பழகல, பயந்து உறைஞ்சு போயிருக்கு. ஓட வழி இல்லன்னா இந்தப் பிராணி செய்யறது அதுதான். உடம்பு விறைப்பா இருக்கும், கண்ண அகலமா முழிச்சுட்டு இருக்கும். அடுத்த தடவ மடியில இருக்கறப்ப குடமிளகாய் துண்டு நீட்டிப் பாருங்க. பயம் இல்லாதது வாங்கித் திங்கும், கால நீட்டிப் படுக்கும், உங்கள மோந்து பாக்கும். பயந்தது வாயே திறக்காது.

சேலம்: திங்கல மேடம். ஆனா கடிக்கவும் இல்ல, கத்தவும் இல்லையே. தினமும் தூக்கினா தானா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க.

இடையில ஒருத்தர் (பெங்களூர்): தூக்கவே வேண்டாம்ங்க! நான் ரெண்டு வருஷமா வளர்க்கறேன், ஒரு தடவ கூட தூக்கினது இல்ல, அதுங்க பாட்டுக்கு சந்தோஷமா இருக்கு. பாத்து ரசிக்க வேண்டிய பிராணி இது.

சேலம்: அப்ப எதுக்கு காசு குடுத்து வாங்கணும்? மீன் வளர்க்கலாமே.

பதில்: ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்றேன், இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். சேலம் சார், கடிக்கலைங்கறத சம்மதம்னு எடுத்துக்காதீங்க. இது வலியையும் பயத்தையும் மறைக்கற பிராணி, காட்டிக் குடுத்தா வேட்டையாடறவன் கண்ணுல பட்டுடும்னு ஒடம்புலயே ஊறிப்போச்சு. தினமும் வலுக்கட்டாயமா தூக்கினா, உங்க கை வந்தா தப்பிக்க முடியாதுன்னுதான் அது கத்துக்கும்.

பெங்களூர் நண்பரே, நீங்க சொல்றதுல பாதி சரி. மடியில இருக்கப் பிடிக்காததுங்கள தரையில வேலி போட்டு விட்டு, நடுவுல நீங்களும் உக்காந்தா போதும், அதுங்களே மேல ஏறும். ஆனா தூக்கவே மாட்டேன்னா எடை எப்படி பாப்பீங்க? வாரம் ஒரு தடவ கிச்சன் தராசுல வெச்சுப் பாக்கணும். நல்லா வளர்ந்தது 700 கிராம்லேருந்து 1200 கிராம் வரைக்கும் இருக்கும், ஒரே வாரத்துல 50 கிராமுக்கு மேல கொறஞ்சா என்னமோ சரியில்ல. பல்லு, நகம், பாதத்துல புண்ணு இதெல்லாம் தூக்காம பாக்க முடியாது. ரெண்டு வருஷமா பாக்கலன்னா இந்த வாரமே நகத்தப் பாருங்க, வளைஞ்சு பாதத்துல குத்திட்டு இருக்கலாம்.

பெங்களூர்: பெட்டிலயே தராசு மேல வெச்சா தூக்காமலே எடை பாத்துடலாமே?

பதில்: நல்ல யோசனை, தாராளமா பண்ணுங்க, பெட்டியோட எடைய கழிச்சுக்கோங்க. நகத்துக்கு மட்டும் தூக்கித்தான் ஆகணும்.

கேள்வி (மதுரை): அக்கா எப்படி தூக்கறது?

பதில்: முதல் பதில்லயே இருக்கு. ரெண்டு கை. மேலேருந்து வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): ஒண்ணுதான் இருக்கு. தனியா இருந்தாதானே நம்மகிட்ட ஒட்டும்?

பதில்: இல்ல. தனியா இருக்கறது பயந்து பயந்துதான் இருக்கும். சுவிட்சர்லாந்துல 2008லேருந்து கினி பிக்க தனியா வளர்க்கறது சட்டப்படி தப்பு. துணைக்கு இன்னொரு கினி பிக்கையே சேர்த்துக்கோங்க, முயலோட போடாதீங்க.

கேள்வி (தூத்துக்குடி): ஜோடின்னு குடுத்தாங்க, இப்ப ஒண்ணோட வயிறு ரெண்டு பக்கமும் உப்பியிருக்கு. தூக்கலாமா?

பதில்: சினையா இருக்கலாம், தூக்காதீங்க, பெட்டி வெச்சே நகர்த்துங்க. சினைக்காலம் 59லேருந்து 72 நாள். ஆண இப்பவே பிரிச்சுடுங்க, குட்டி போட்ட சில மணி நேரத்துலயே மறுபடி சினை பிடிச்சுடும். முதல் பிரசவம்னா வயச டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஏழெட்டு மாசத்துக்கு மேல ஆகி முதல் தடவ குட்டி போட்டா இடுப்பெலும்பு விரியாம உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி (வேலூர்): நல்லா பழகினதுதான், ரெண்டு நாளா தூக்கினாலே கத்துது. பெல்லட் (கடையில விக்கற குச்சித் தீனி) மட்டும்தான் போடறோம்.

பதில்: இது பழக்கப் பிரச்சனை இல்ல, வலி. நம்மள மாதிரியே இதுக்கும் உடம்புல வைட்டமின் சி தானா உண்டாகாது, சாப்பாட்டுலதான் கிடைக்கணும். ஒரு கிலோ எடைக்கு தினமும் 10லேருந்து 30 மில்லிகிராம் வேணும். பெல்லட்ல இருக்கற சி நாளாக நாளாக கொறஞ்சுடும். சி கொறஞ்சா மூட்டு வீங்கும், தொட்டா வலிக்கும். மூத்திரப்பையில கல்லு இருந்தாலும் இப்படித்தான் கத்தும், அதனால டாக்டர்கிட்ட காமிச்சுடுங்க. தினமும் குடமிளகாய் ஒரு துண்டு, கொத்தமல்லி, மத்தபடி நாள் முழுக்க புல்லு. டிமோத்திங்கற காய்ஞ்ச புல்லு வாங்கி கட்டுப்படியாகலன்னா மருந்தடிக்காத அருகம்புல்ல கழுவிப் போடுங்க.

கேள்வி (கடலூர்): குளிப்பாட்டினா சீக்கிரம் பழகுமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (மதுரை, வேற ஒருத்தர்): எப்படி தூக்கணும்னு ஒரு தடவ சொல்லுங்களேன்?

பதில்: மேல படிங்க ப்ளீஸ். மூணு பேருக்கு எழுதற நேரத்துல ஒருத்தருக்கு ஒழுங்கா எழுதலாம்.

கேள்வி (நெல்லை): வெயில் நேரத்துல மடியில வெச்சா வேகமா மூச்சு வாங்குது.

பதில்: 30 டிகிரி தாண்டினா இதுங்களுக்கு ஆபத்து. கோடையில காலைலயோ ராத்திரியோ மட்டும் எடுங்க. ஐஸ் பாட்டில துணி சுத்தி கூண்டுல வைங்க. இப்பவும் மூச்சு வாங்கிட்டே படுத்திருந்தா ஈரத்துணியால காதையும் பாதத்தையும் துடைச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடுங்க.

கேள்வி (தஞ்சாவூர்): வாங்கிட்டு வந்ததுலேருந்து தும்முது, நேத்து ராத்திரிலேருந்து சாப்பிடவும் இல்ல. கைய கிட்ட கொண்டு போனா கூட ஓட மாட்டேங்குது. வீட்ல அமாக்ஸிசிலின் சிரப் இருக்கு, கொஞ்சம் குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க! பென்சிலின் வகை மருந்த வாய் வழியா குடுத்தா இதோட குடல்ல இருக்கற நல்ல பாக்டீரியா செத்து, கினி பிக்கே செத்துடும். கைய பாத்து ஓடலைன்னா அது பழகினதால இல்ல, தெம்பு இல்லாததால. அரை நாள் சாப்பிடாம இருக்கறதே இதுக்கு அவசரம். கினி பிக் பாக்கற டாக்டர் தெரியலன்னா ஒரத்தநாட்டுல அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க போங்க. கூடவே இன்னொண்ணு இருந்தா அதையும் அதே பெட்டில எடுத்துட்டுப் போங்க. பதில் போட வேண்டாம், இப்பவே கிளம்புங்க.