அந்த ‘சென்னை’யை எழுதியது யார்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 27. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஓவியம் என்றால் உயிர். இரண்டரை வருடமாக வடசென்னையின் பழைய கட்டடங்களைப் பேனாவிலும் வாட்டர் கலரிலும் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். டிவியன்ட்ஆர்ட், ஆர்ட்ஸ்டேஷன், பிஹான்ஸ் என்று படம் போடுகிற இணையதளங்கள் எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது. ஃபாலோயர்கள் 418 பேர்தான். என்னோடு வரையத் தொடங்கிய நண்பன் நடிகர்களின் முகத்தை வரைந்தே 22 ஆயிரம் பேரைச் சேர்த்துவிட்டான். நான் ஹேஷ்டேக் எல்லாம் சரியாகப் போடுகிறேன். மற்றவர்கள் பக்கம் போய்ப் பார்க்கத்தான் நேரம் கிடைப்பதில்லை. படத்துக்குக் கீழே ‘சென்னை’ என்றும் இடத்தின் பெயரும் எழுதுவது மட்டும் அப்பா. அவர் முன்பு போர்டு ஆர்ட்டிஸ்ட். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால் அதற்கே இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது, வாரம் மூன்று பதிவு என்ற திட்டம் கெட்டுப்போகிறது. கமென்ட்டும் அதிகம் வராது. ‘இது எந்த ஃபான்ட்?’ என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள், ஹார்ட் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். நானும் நடிகர்களை வரையலாமா? பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா? என் படங்களை நாலு பேர் பார்க்க என்ன வழி?
பெயர் வேண்டாம், வியாசர்பாடி

பதில்: தம்பி, இந்தக் கேள்வி எனக்கு மாதத்துக்கு நாலைந்து தடவை வருகிறது. சமையல் வீடியோ, கவிதை, கோலம் என்று சரக்கு மட்டும்தான் மாறும். ‘திறமை இருக்கிறது, ஒருநாள் உலகம் திரும்பிப் பார்க்கும்’ என்று நான் ஆறுதல் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள் நன்றாக வந்திருக்கின்றன. வால்டாக்ஸ் சாலைப் படத்தில் நடமாடுகிற பதினைந்து பேரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். அது போகட்டும்.

‘இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியாததால்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பெற்ற தகப்பனுக்குப் பார்வை மங்குகிறது. அந்தச் செய்தி உங்கள் கடிதத்தில் எதற்காக வருகிறது? வாரம் மூன்று பதிவு போட முடியாததற்குக் காரணம் சொல்வதற்காக. டாக்டரிடம் காட்டினோம் என்று எங்காவது ஒரு வார்த்தை இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். இல்லை. ஹேஷ்டேக் பற்றி இருக்கிறது. நண்பனின் 22 ஆயிரம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஓவியத்தில் இல்லை. எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. உங்கள் வீட்டிலிருந்து தூரம்கூட இல்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டு, காலையிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நில்லுங்கள். இந்த வயதில் கண் மங்கினால் கண்புரையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் தாங்களே முடிவு செய்துகொள்கிறார்கள். கண்புரை என்றால் நல்லது, ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். சர்க்கரையாலோ கண் நீர் அழுத்தத்தாலோ மங்கினால் அப்படி இல்லை. போன பார்வை பெரும்பாலும் போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். எது என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் பதிவு தாமதமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த மாதங்களில் தாமதமானது இது.

சரி, இப்போது அந்த ஃபான்ட் விஷயம்.

உங்கள் ஆறு படங்களையும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கீழே எழுதியிருக்கும் ‘சென்னை’யில் அந்த ‘னை’ இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரி இல்லை. யானைத் துதிக்கை போல ஒரு வளைவு முன்னால் வந்து ‘ன’வோடு ஒட்டிக்கொள்கிற பழைய எழுத்து. ‘சாலை’யில் இருக்கும் ‘லை’யும் அப்படியே. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இது பள்ளிக்கூட ஞாபகம். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், பெரியார் 1935 முதல் தன் ‘குடி அரசு’ பத்திரிகையில் பயன்படுத்திவந்த சீர்திருத்த எழுத்தை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா உள்படப் பதின்மூன்று எழுத்துகள் உருவம் மாறின. அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களுக்கு அந்தத் துதிக்கை தெரியாது. உங்கள் போனில் தட்டினாலும் அது வராது. அப்படியென்றால் உங்கள் அப்பா 1978-க்கு முன்பே பிரஷ் பிடித்தவராக இருக்க வேண்டும், அல்லது அந்தக் காலத்து ஆள் ஒருவரிடம் தொழில் கற்றிருக்க வேண்டும். இதை அவரிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

நாலு பேர் பார்க்க வழி கேட்கிறீர்கள். மூன்று பேர் பார்த்துவிட்டார்கள், தம்பி. பார்த்தது மட்டுமில்லாமல் வாய்விட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர் திரும்பி வருவது சந்தேகம். கேள்வி கேட்டவர் பதிலுக்காக மறுபடி எட்டிப் பார்ப்பார். பதில் சுவாரசியமாக இருந்தால் இன்னொரு கேள்வி கேட்பார், இன்னொரு ஆளுக்கு அனுப்புவார். இரண்டரை வருடமாக நீங்கள் தேடிக்கொண்டிருந்த கவனம் அதுதான். அது வந்து வாசலில் நின்று கதவைத் தட்டியது. நீங்கள் ஒரு சிவப்பு ஹார்ட்டைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

‘எங்கள் அப்பா கையால் எழுதியது.’ சொல்வதற்கு நாலு வார்த்தை. ஹார்ட் போட்ட கையால் அதையும் தட்டியிருக்கலாம். ஏன் தட்டவில்லை? நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். போர்டு எழுதினவர் மகன் என்று தெரிந்தால் மதிப்புக் குறையும் என்றா? இல்லை, வருகிற கொஞ்சம் பாராட்டிலும் பங்கு போய்விடும் என்றா? எது என்று எனக்கு எழுதித் தெரிவிக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும். ஆனால் ஒன்று. அவர் எழுத்தைப் படத்தில் வைத்துக்கொண்டு, யார் எழுதியது என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டால் அதற்கு வேறு பெயர் உண்டு. உங்கள் படத்தை ஒருவன் எடுத்துப் பேர் போடாமல் தன் பக்கத்தில் போட்டிருந்தால் இந்தக் கடிதம் எனக்கு எவ்வளவு சூடாக வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். எங்கள் தெரு முனை மளிகைக் கடைக்கு வருடத்துக்கு ஒருமுறை போர்டு எழுத ஒருவர் வருவார். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அங்கேதான். நூலில் சாக்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். தகரத்தில் நேர்கோடு விழும். அப்புறம் பென்சில்கூட இல்லாமல் நேராக எனாமல் பெயின்ட்தான். ஒரு குச்சியைத் தகரத்தில் சாய்த்து, அதன்மேல் மணிக்கட்டை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ‘ஸ்ரீ’ போடுவார் பாருங்கள், கடைக்காரரே எடை போடுவதை நிறுத்திவிடுவார். எல்லாம் முடிந்து, நிழல் கொடுத்து, கடைசியாக வலது பக்கக் கீழ் மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரைப் போட்டு ‘ஆர்ட்ஸ்’ என்று முடிப்பார். ஒரு தடவை கடைக்காரர், ‘என் போர்டுல உன் பேர் எதுக்குய்யா?’ என்று சத்தம் போட்டார். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே, ‘அப்ப எழுத்தை அழிச்சுடட்டா?’ என்றார். பேர் நின்றது.

ஊரான் கடை போர்டில் எல்லாம் மூலையில் தன் பெயரைப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். ஃப்ளெக்ஸ் வந்து பிரஷ்ஷை மூட்டை கட்ட வைக்கும்வரை உங்கள் அப்பாவும் போட்டிருப்பார். பெற்ற மகன் படத்தில் மட்டும் பெயர் இல்லாமல் எழுதித் தந்துகொண்டிருக்கிறார், கண் தெரியாமல், இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு. அதுவும் ஒரு முறைகூடக் கேட்காமல் என்றுதான் நினைக்கிறேன்.

பத்திரிகை ஓவியர்களில் மணியத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ சரித்திரத் தொடருக்கு அவர் வரைந்த முகங்கள்தான் இன்றைக்கும் அந்தப் பாத்திரங்களின் முகங்கள். அவருடைய மகனும் ஓவியர். லோகநாதன் என்ற தன் பெயரில் வரையவில்லை, மணியம் செல்வன் என்று வரைந்தார். அப்பா பெயரை முன்னால் வைத்ததால் ம.செ.யின் கோடு ஒரு மயிரிழையாவது மெலிந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிகர் முகம் வரையலாம், தப்பில்லை, ஆனால் அங்கே கூட்டம் அந்த நடிகருக்கு. அடுத்த வாரம் நீங்கள் ஒரு புளியமரத்தை வரைந்து போட்டால் அந்த 22 ஆயிரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று உங்கள் நண்பனையே கேளுங்கள். பணம் கட்டி விளம்பரத்தால் ஃபாலோயர் சேர்ப்பது கட்சி மாநாட்டுக்கு லாரியில் ஆள் ஏற்றுவது மாதிரி, பிரியாணி முடிந்ததும் கலைந்துவிடும். இன்ஸ்டாகிராம் 2016 முதல் பதிவுகளை நேர வரிசைப்படி காட்டுவதில்லை. பார்த்தவர் எவ்வளவு நேரம் நின்றார், இன்னொருவருக்கு அனுப்பினாரா என்றெல்லாம் பார்த்துத்தான் மேலே தள்ளுகிறது. அங்கே வாரம் மூன்று அரைகுறைப் படங்களைவிட ஜனங்கள் நின்று பார்க்கிற ஒரு படம் மேல்.

நாலு இடத்தில் ஒரே படத்தைக் கொட்டுவதையும் நிறுத்துங்கள். ஆர்ட்ஸ்டேஷன் வீடியோ கேம், சினிமா வேலை தேடுகிறவர்களின் சந்தை. டிவியன்ட்ஆர்ட் 2000-லிருந்து இருக்கிறது, கதாபாத்திரங்களும் ரசிகர் ஓவியங்களும்தான் அங்கே அதிகம் ஓடும். வால்டாக்ஸ் சாலைக்கு அங்கே என்ன வேலை? பிஹான்ஸில் டிசைன்காரர்கள், எழுத்துரு செய்கிறவர்கள் உலவுகிறார்கள். பழைய ‘னை’யைப் பார்த்தால் எழுந்து உட்காரக்கூடியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். படத்தை டியூப் லைட்டுக்குக் கீழே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், காகிதம் பச்சையடித்துத் தெரிகிறது, உங்கள் தலை நிழலும் விழுந்திருக்கிறது. காலையில் ஜன்னல் ஓரமாக, வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து, போனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.

மற்றவர்கள் பக்கம் போக நேரமில்லை என்கிறீர்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் சென்னை ஓவியக் கல்லூரிக்காரர்களும் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மணல்காட்டை வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, மெழுகு வைத்துச் சாயமிட்ட பாத்திக் துணி விற்றுத்தான் சாப்பிட்டார்கள். வாங்க ஆள் வருகிறவரைக்கும் ஒருவர் வரைந்ததை அடுத்த குடிசைக்காரர் பார்த்தார், குறை சொன்னார், சண்டை போட்டார். அதுதான் ஓவியர்களின் ஊர். நீங்கள் அந்த ஊரில் குடியேறாமல் கடை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, வியாபாரம் ஆகவில்லை என்கிறீர்கள். தினமும் இரண்டு பேர் படத்தை நிதானமாகப் பார்த்து, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்த கையோடு, ‘சென்னையின் கடைசி போர்டு ஆர்ட்டிஸ்ட்’ என்று சோக மியூசிக் போட்டு அப்பாவை ரீல்ஸ் எடுக்கக் கிளம்பாதீர்கள். உங்களுக்கு அந்த யோசனை இந்நேரம் வந்திருக்கும், எனக்குத் தெரியும். எழும்பூர் போய் வருவதற்கு முன்னால் கேமராவை எடுக்கவே கூடாது. அதற்கப்புறமும் அவரைக் கேட்டுவிட்டு. அவர் எழுதுவதைப் படம் பிடிக்கச் சம்மதித்தால் முகம்கூட வேண்டாம், கை போதும். நூல் சுண்டுவதிலிருந்து துதிக்கை வளைகிறவரை வெட்டாமல் எடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். பெயரும் வேண்டாம் என்றால் ‘எழுத்து: அப்பா’ என்று போடுங்கள்.

ஆபரேஷன் தேவைப்பட்டால் அது முடிந்து கண் ஆறும்வரை படங்களுக்குக் கீழே எழுத்து இல்லாமல் போடுங்கள். நீங்களே எழுதி ஒப்பேற்றாதீர்கள். எழுத்து எங்கே என்று யாராவது கேட்பார்கள், பதில் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும்.

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அந்த மூன்று கமென்ட்டையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ‘ஃபான்ட்டுன்னா என்னடா?’ என்று கேட்டால் விளக்குங்கள். அவர் சொல்கிற பதிலை அவர் சொன்னபடியே, அவர் பேரில், அந்த மூன்று பேருக்கும் தட்டுங்கள். தாமதத்துக்கு உங்கள் பேரில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம் ராயபுரம் ஸ்டேஷன் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, பெயரை எந்த மூலையில் போடலாம் என்று கேளுங்கள். எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.